யந்திரத்துக்கும் நாடி உண்டு

சென்ற வாரம் மிக்ஸியின் முணுமுணுப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம் அல்லவா? இந்த வாரம் சமையலறையைத் தாண்டிக் கொஞ்சம் பின்பக்கம் வாருங்கள். அங்கே ஒரு மூலையில் வெள்ளை வெளேரென்று ஓர் அம்மாள் நின்றுகொண்டிருக்கிறாள். நல்ல உழைப்பாளி. ஆனால் ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாளோ, வீடே தலைகீழாகிவிடும். துணி துவைக்கும் யந்திரத்தைத்தான் சொல்கிறேன்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, காலை ஏழரை மணி. குழந்தைகளின் சீருடைகள் உள்ளே. தொட்டி நிறையத் தண்ணீர். யந்திரம் "உம்" என்று ஒரு தடவை முனகிவிட்டு நின்றுவிட்டது. முகப்பில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் கண்ணைச் சிமிட்டின. பதறிக்கொண்டு எங்கள் பேட்டை மெக்கானிக்குக்குப் போன் செய்தேன்.

"போர்டு போயிருக்கும்மா. ஆறாயிரம் ரூபாய் ஆகும். வரட்டுமா?" என்றார்.

நோயாளியின் முகத்தைக்கூடப் பார்க்காமல் மருந்து எழுதிக் கொடுக்கும் வைத்தியர்! யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். பக்கத்தில் நின்ற மாமியார் தம் பங்குக்கு, "எங்க காலத்திலே துவைக்கிற கல் ரிப்பேர் ஆச்சுன்னு யாரும் சொல்லிக் கேட்டதில்லை" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பழைய ரசீதுகளுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்த, யந்திரத்தோடு வந்த சிறு புத்தகத்தைத் தேடி எடுத்தேன். அரை மணி நேரத்துக்குப் பிறகு என் உள்ளங்கையில் இருந்த சொத்துக்கள்: கொண்டை ஊசி ஒன்று, இரண்டு ரூபாய் நாணயம் ஒன்று, சட்டைப் பொத்தான் ஒன்று, குருவிக் கூடு மாதிரி ஒரு நூல் பந்து. ரிப்பேர் செலவு பூஜ்யம். வரவு இரண்டு ரூபாய்!

இந்தச் சாமர்த்தியத்தைப் பீற்றிக்கொள்வதற்காக இதை எழுதவில்லை. அன்றைக்கே வேறொரு விஷயமும் தெரியவந்தது. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். கடைசிப் பத்தியை முதலில் படிக்கும் வழக்கமுள்ள சகோதரிகள் இந்த ஒரு வாரம் மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் ஒரு சபதம்

யந்திரத்தின் மேல் கை வைப்பதற்கு முன் ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையே உருவிவிட வேண்டும். தண்ணீர்க் குழாயையும் மூடிவிடுங்கள். கை உலர்ந்திருக்கட்டும், காலில் ரப்பர் செருப்பு இருக்கட்டும்.

இன்னொன்று. திருப்புளியை எடுத்துப் பின்பலகையைக் கழற்றும் வேலை நமக்கு வேண்டவே வேண்டாம். பல யந்திரங்களில் மோட்டாருக்குத் துணையாகக் கபாசிட்டர் என்று ஓர் உருளை இருக்கிறது. பிளக்கை உருவிய பிறகும் அது கொஞ்ச நேரம் மின்சாரத்தை வயிற்றில் வைத்துக்கொண்டிருக்கும். திருப்புளி இல்லாமல், கையாலேயே திறக்கக்கூடிய பாகங்கள் எவையோ அவைதான் நம் ராஜ்யம். அந்த ராஜ்யமே போதும். பாதி வியாதிகள் அங்கேதான் குடியிருக்கின்றன.

உயிரே இல்லை என்றால்

பொத்தானை அழுத்தினால் விளக்கே எரியவில்லையா? அந்தப் பிளக் பாயின்டில் வேறொரு சாமானைச் செருகிப் பாருங்கள். அதுவும் வேலை செய்யாவிட்டால் குற்றம் யந்திரத்தின் மேல் இல்லை. மெயின் பெட்டியில் ஏதாவது ஸ்விட்ச் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு தடவை தூக்கி விடலாம். மறுபடி விழுந்தால் மல்லுக்கு நிற்காதீர்கள். எங்கேயோ மின்சாரம் வழி தவறிப் போகிறது என்று அர்த்தம். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

விளக்கு எரிகிறது, ஆனால் எந்தப் பொத்தானுக்கும் பதில் இல்லை என்றால், வீட்டுச் சிறுவனை விசாரியுங்கள். குழந்தைகள் விளையாடாமல் இருப்பதற்காக வைத்திருக்கும் பூட்டைக் குழந்தைகளே போட்டுவிடுவது உண்டு. புத்தகத்தில் சொல்லியிருக்கும் பொத்தான்களைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் பூட்டு விலகிவிடும். கதவோ மூடியோ சரியாகப் பொருந்தாமல் ஒரு துண்டின் முனை நடுவில் மாட்டிக்கொண்டிருந்தாலும் யந்திரம் நகராது.

தண்ணீர் வரவில்லை என்றால்

குழாய் திறந்திருக்கிறதா? மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா? சிரிக்காதீர்கள். மெக்கானிக்கை வரவழைத்து, அவர் குழாயைத் திருகிவிட்டுக் கட்டணம் வாங்கிக்கொண்டு போன வீடுகள் எனக்குத் தெரியும்.

இரண்டும் சரியாக இருந்தால் அடுத்தது சல்லடை. ரப்பர்க் குழாய் யந்திரத்தோடு சேரும் இடத்தில் சுண்டுவிரல் நுனி அளவு சிறு சல்லடை ஒன்று இருக்கிறது. போர் தண்ணீரில் வரும் மணலும் லாரித் தண்ணீரில் வரும் துருவும் அதில் போய் அடைத்துக்கொள்ளும். குழாயை மூடி, கீழே ஒரு வாளியை வைத்துக்கொண்டு, ரப்பர்க் குழாயைக் கையால் திருகிக் கழற்றுங்கள். சல்லடையை மெள்ள இழுத்து எடுத்துப் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, முன் இருந்தபடியே வையுங்கள். வாஷரை மறந்துவிடாதீர்கள், மறந்தால் வீடெல்லாம் குளம்.

அடுக்கு மாடி வீட்டில் மேல் தளத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு செய்தி. தண்ணீர் எவ்வளவு உயரத்திலிருந்து இறங்குகிறதோ அவ்வளவு வேகம். பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு 'பார்' அழுத்தம் என்பது கணக்கு. தொட்டி உங்கள் தலைக்கு மேல் மூன்று மீட்டர்தான் என்றால் உங்களுக்குக் கிடைப்பது 0.3 பார். பல யந்திரங்களுக்கு அது போதாது. கீழ் வீட்டில் ஒழுங்காக ஓடும் அதே யந்திரம் உங்கள் வீட்டில் தண்ணீருக்குத் தவம் கிடப்பது இதனால்தான். அதற்கு மருந்து சிறிய பிரஷர் பம்பு. புது யந்திரம் அல்ல.

வருகிறது, ஆனால் நிற்கவில்லை என்றால்

சில வீடுகளில் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். தொட்டி மட்டும் நிரம்பாது. முன்பக்கம் கதவுள்ள யந்திரமானால் கழிவுநீர்க் குழாயின் முனையைப் பாருங்கள். அது தரையில் கிடந்தால், டின்னிலிருந்து மண்ணெண்ணெயைக் குழாய் போட்டு இறக்குவோமே, அந்த மாதிரி உள்ளே வரும் தண்ணீர் தானாகவே வெளியேறிக்கொண்டிருக்கும். அந்த முனையைத் தரையிலிருந்து 60 முதல் 90 சென்டிமீட்டர் உயரத்தில் கொக்கி போட்டு மாட்டிவிட்டால் வியாதி தீர்ந்தது.

ஆனால் மேலே மூடியுள்ள யந்திரங்களில் பல, பம்பு இல்லாமல் தண்ணீரைச் சரிவாக இறக்கிவிடுபவை. அவற்றுக்குக் குழாய் தரையோடுதான் கிடக்க வேண்டும். உயரத் தூக்கி மாட்டினால் தண்ணீர் போகாது. உங்கள் வீட்டு யந்திரம் எந்த ஜாதி என்பதைப் புத்தகத்தில் பார்த்துக்கொண்டு செய்யுங்கள்.

தண்ணீர் போகவில்லை என்றால்

இதுதான் எங்கள் வீட்டுக் கதை. குழாய் எங்காவது மடங்கி நசுங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், முன்பக்கக் கதவுள்ள யந்திரத்தில் அடியில் ஒரு மூலையில் சின்னக் கதவு இருக்கும். அதற்குள்ளே வட்டமான திருகு மூடி ஒன்று. அதுதான் பம்பின் வடிகட்டி. வெந்நீரில் துவைத்திருந்தால் ஆறும் வரை பொறுங்கள். பிறகு ஒரு தட்டையான தாம்பாளத்தையும் இரண்டு பழைய துண்டுகளையும் கீழே போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில் சிறு குழாய் இருந்தால் அதன் மூடியை எடுத்து முதலில் தண்ணீரை வடித்துவிடுங்கள். பிறகு வடிகட்டியை இடப்பக்கமாக மெள்ள மெள்ளத் திருகுங்கள். ஒரேயடியாகத் திறந்தால் தொட்டித் தண்ணீர் முழுவதும் உங்கள் மடியில்தான்.

வெளியே எடுத்துக் கழுவிய பிறகு, டார்ச் விளக்கை அடித்து உள்ளே பாருங்கள். சிறிய சக்கரம் ஒன்று தெரியும். அதில் நூலோ முடியோ சுற்றிக்கொண்டிருந்தால் எடுத்துவிடுங்கள். மூடியை இறுக்கித் திருகிய பிறகே தண்ணீரைத் திறக்க வேண்டும். மாதம் ஒரு தடவை இதைச் செய்தால் போதும். துவைக்கப் போடுமுன் ஐயாமார்களின் சட்டைப் பைகளைச் சோதனை போட்டால் இன்னும் உத்தமம். அதில் வேறு லாபங்களும் உண்டு என்று என் சிநேகிதி சொல்கிறாள்!

ஆட்டம் போட்டால்

பிழியும் சமயத்தில் யந்திரம் தடதடவென்று ஆடிக்கொண்டே நடக்கிறதா? ஒரே ஒரு ஜமக்காளத்தையோ கனத்த போர்வையையோ தனியாகப் போட்டிருப்பீர்கள். அது ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொண்டு, சுழலும்போது இழுக்கும். கூட இரண்டு துண்டுகளைப் போடுங்கள். கட்டியாகச் சுருண்டிருந்தால் பிரித்துப் பரப்புங்கள்.

அப்படியும் ஆடினால், யந்திரத்தின் எதிரெதிர் மூலைகளை அழுத்திப் பாருங்கள். மடக்கு நாற்காலி மாதிரி ஆடினால் ஏதோ ஒரு கால் தரையில் பதியவில்லை. காலைத் திருகிச் சமன் செய்து அதன் நட்டை இறுக்கிவிடலாம். புதிதாக வாங்கிய அன்றே பேயாட்டம் ஆடினால், பயணத்துக்காகப் பின்பக்கம் போட்ட நீண்ட போல்டுகளைக் கழற்றாமலே ஓட்டுகிறீர்களோ என்னவோ. உடனே நிறுத்துங்கள், இல்லாவிட்டால் உள்ளே நாசம்.

இரட்டைத் தொட்டி யந்திரம் வைத்திருப்பவர்கள் பிழியும் தொட்டியின் மூடியைத் திறந்தால், சில விநாடிகளில் சுழற்சி நிற்க வேண்டும். நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் பிரேக் கெட்டுவிட்டது. சரி செய்யும் வரை அதை உபயோகிக்க வேண்டாம். சுற்றும் தொட்டிக்குள் கையை விடுவது மகா ஆபத்து.

துர்வாசனையும் வெள்ளைப் பூச்சும்

வாசனை வருவதற்குக் காரணம் பெரும்பாலும் நம்முடைய தாராள மனசு. ஒரு கரண்டி தூளுக்கு வெளுக்காதது மூன்று கரண்டிக்கு வெளுக்கும் என்று நினைக்கிறோம். மிஞ்சிய சோப்பு உள்ளே தங்கி அழுகுகிறது. வாளியில் ஊற வைக்கும் தூளை முன்கதவு யந்திரத்தில் போட்டால் நுரை பொங்கி, தண்ணீர் வெளியேறுவதும் பிழிவதும் கூடத் தடைப்படும். யந்திரத்துக்கென்று விற்கும் தூளைக் குறைவாகப் போடுங்கள். கதவைச் சுற்றியுள்ள ரப்பர் மடிப்பைத் துவைத்த பிறகு ஒரு துணியால் துடையுங்கள். கதவைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் மட்டும் அவர்கள் உள்ளே புகுந்துவிடாதபடி ஜாக்கிரதை.

உங்கள் வீட்டுக் குழாயிலும் வாளியிலும் வெள்ளையாகப் படிகிறதா? அதே உப்பு யந்திரத்தின் சூடேற்றும் கம்பியிலும் படிகிறது. நாட்டு மருந்துக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் தருவார்கள். சிட்ரிக் ஆசிட் என்பதும் அதுதான். புத்தகம் தடை சொல்லாவிட்டால், சுமார் நூறு கிராம் எடுத்துத் துணியில்லாத தொட்டியில் போட்டு, 60 டிகிரி வெந்நீரில் ஒரு முறை ஓடவிடுங்கள். ஆனால் அதோடு பிளீச்சிங் பவுடரையோ வெளுப்புத் திரவத்தையோ மறந்தும் சேர்க்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் என்ற விஷ வாயு கிளம்பும்.

எப்போது கையெடுத்துக் கும்பிட வேண்டும்?

கருகிய வாடை வந்தால். மோட்டார் முனகியும் தொட்டி சுற்றாவிட்டால். பிழியும்போது விமானம் கிளம்புவது போல் இரைந்தால். இரைச்சல் பெரும்பாலும் பேரிங் தேய்ந்ததன் அடையாளம். இவையெல்லாம் நம் ராஜ்யத்துக்கு அப்பால். ஆனால் மெக்கானிக்கிடம் "ஓடவில்லை" என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். "வடிகட்டியைப் பார்த்துவிட்டேன், சுத்தமாக இருக்கிறது, பம்பு சத்தமே போடவில்லை" என்று சொல்லிப் பாருங்கள். ஆறாயிரம் தானாக இறங்கி வரும். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்கவும் தயங்காதீர்கள்.

கடைசியில் சொல்கிறேன் என்றேனே

அன்று வடிகட்டியைக் கழுவி மாட்டிவிட்டுப் பிளக்கைச் செருகினேன். தரையெல்லாம் ஈரம். செருப்பு நனைந்துவிட்டதென்று வாசலில் கழற்றிப் போட்டிருந்தேன். சற்று முன் உங்களுக்குச் சொன்ன சபதத்தை நானே மீறிவிட்டேன். தண்ணீர் இறங்குகிற சத்தம் கேட்கிறதா என்று வெறுங்காலோடு நின்று யந்திரத்தின் பக்கத்துத் தகட்டில் கை வைத்தேன். சுர்ரென்றது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டேன்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டில் வேலைக்கு வரும் அம்மாள் மூன்று மாதமாக இதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மெஷின்லே கை வெச்சா சுர்ருங்குது சின்னம்மா."

"ஈரக் கையோடு தொடாதீங்க" என்று நான் சொல்வேன். வீட்டுக்காரர் ஒரு நாள் தாமே தொட்டுப் பார்த்துவிட்டு, "ஒன்றுமில்லையே, பிரமை" என்றார். நாங்கள் வீட்டுக்குள்ளும் ரப்பர் செருப்புப் போட்டுக்கொள்கிறவர்கள். அவர் மட்டும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வருகிறவர். மின்சாரத்துக்கு எங்கள் வழியாகப் பூமிக்கு இறங்க வழியில்லை. அவருடைய ஈரக்காலின் வழியாக இருந்தது. பொய்யும் இல்லை, பிரமையும் இல்லை.

எலெக்ட்ரீஷியன் வந்து டெஸ்டரைத் தகட்டில் வைத்தவுடன் விளக்கு எரிந்தது. பிளக் பாயின்டைக் கழற்றினார். பச்சைக் கம்பி, அதாவது எர்த் கம்பி, திருகிலிருந்து கழன்று தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று துளைப் பாயின்ட்தான். ஆனால் மூன்றாவது துளைக்குப் பின்னால் ஒன்றும் இல்லை! இக்காலத்து யந்திரங்களில் மின்சாரத்தைச் சுத்தப்படுத்தும் ஒரு பாகத்திலிருந்து சிறிதளவு மின்சாரம் தகட்டுக்குக் கசிவது இயல்பு. எர்த் கம்பி இருந்தால் அது சத்தமில்லாமல் பூமிக்குப் போய்விடும். இல்லாவிட்டால் தகட்டிலேயே காத்திருந்து, தொட்டவரைச் சுர்ரென்று கிள்ளும். அந்தக் கசிவு கிள்ளுவதோடு நின்றுவிடுவதுதான் வழக்கம். ஆனால் உள்ளே ஒரு கம்பியின் உறை தேய்ந்து தகட்டில் பட்டிருந்தால்? கிள்ளல் உயிர்ப் பறிப்பாகியிருக்கும். அதை முதலில் தொடுகிற கை யாருடையதாக இருந்திருக்கும் என்பதையும் சொல்ல வேண்டியதில்லை.

கம்பியை முடுக்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. மெயின் பெட்டியில் ஆர்.சி.சி.பி. என்ற ஸ்விட்சையும் வைக்கச் சொன்னேன். 30 மில்லிஆம்பியர் மின்சாரம் வழி தவறினாலே கண் மூடித் திறப்பதற்குள் இணைப்பைத் துண்டித்துவிடும் காவல்காரன் அது. அதன் மேல் உள்ள சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்தி, விழுகிறதா என்று பார்க்க வேண்டும். நீங்களும் யந்திரத்தை இரண்டு முள் பிளக்கிலோ ஒல்லியான நீட்டிப்புப் பெட்டியிலோ ஒருநாளும் மாட்டாதீர்கள். 2000 வாட் சூடேற்றும் கம்பி கிட்டத்தட்ட ஒன்பது ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர்ப் பெட்டி அதைத் தாங்காமல் உருகிவிடும். சுவரில் உள்ள 16 ஆம்பியர் மூன்று துளைப் பாயின்ட்தான் அதற்கு இடம்.

மறுநாள் காலை அந்த அம்மாள் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். "நீங்க சொன்னதுதான் சரி. நாங்கதான் கேக்கலை" என்றேன். அவர் ஒரு விரல் நுனியால் தகட்டை மெதுவாகத் தொட்டார். பிறகு உள்ளங்கையை முழுவதும் வைத்துப் பார்த்தார்.

"இப்ப இல்லே சின்னம்மா" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கென்று ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கி யந்திரத்தின் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

சகோதரிகளே, சல்லடையும் வடிகட்டியும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கும். ஆனால் உங்கள் வீட்டு யந்திரத்தை ஈரக் கையோடும் வெறுங்காலோடும் தினமும் தொடுகிறவர் யாரோ, அவரிடம் இன்றைக்கே ஒரு வார்த்தை கேளுங்கள்: "தொட்டால் ஏதாவது தெரிகிறதா?" ஆமாம் என்று அவர் சொன்னால், நீங்கள் தொட்டுப் பார்க்க வேண்டாம். சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனுக்கு ஆள் அனுப்புங்கள்.